யானை வீட்டு விலங்கா?

தொடக்கப் பள்ளியில் விலங்குகளைப் பற்றிய பாடம் நடைபெறும்போது கரும்பலகையில் இரண்டு கட்டங்கள் வரைவது வழக்கம். ஒன்று வீட்டு விலங்கு; மற்றொன்று காட்டு விலங்கு. பசு, ஆடு, நாய், பூனை ஆகியவை தடையின்றி முதற் கட்டத்தினுள் புகுந்துவிடும். புலி, கரடி, ஓநாய், செந்நாய் ஆகியவை இரண்டாம் கட்டத்தில் நிற்கும். யானையின் பெயர் வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கோயில் வாயிலில் நின்று துதிக்கையால் வாழ்த்தும் யானையைப் படத்தில் கண்ட மாணவன் அதனை வீட்டு விலங்கு என்பான். தோட்டத்துச் செம்பனைக் கன்றுகளை ஒரே இரவில் பிடுங்கித் தின்று சென்ற யானைக் கூட்டத்தைப் பற்றித் தந்தை சொல்லக் கேட்ட மாணவன் அதனைக் காட்டு விலங்கு என்பான். இருவர் கூற்றும் பொய்யன்று.

இவ்வழக்கு வகுப்பறையோடு முடிவதன்று. காட்டில் பிறந்த உயிரை மனிதன் தன் கையால் ஊட்டி வளர்த்தால், அது மனிதனை எவ்வாறு கருதும்? உறவினன் என்றா, தலைவன் என்றா, பகைவன் என்றா? ஐரோப்பிய அறிஞர்கள் ஓநாய்க் குட்டிகளை வளர்த்து இவ்வினாவுக்கு விடை தேடியுள்ளனர். தமிழர்க்கோ ஓநாயினும் யானையே நெடுங்காலத் தோழன். ஆதலின் நம் இலக்கியத்தையும் வரலாற்றையும் துணைக்கொண்டு யானையின் வழியே இவ்வினாவை ஆராய்தல் பொருத்தமாகும்.

நாலடியார் கூறும் ஒப்புமை

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய நாலடியாரில், நட்பாராய்தல் என்னும் அதிகாரத்தில், யானையையும் நாயையும் ஒருங்கே நிறுத்தி எடை போடும் செய்யுள் ஒன்று உண்டு. யானை போன்றாரின் நட்பை விலக்குக; நாய் போன்றாரின் நட்பைத் தழுவுக என்பது அதன் கருத்து. அதற்குக் காட்டப்படும் காரணம் நுட்பமானது. யானை பல நாள் பழகி நன்கறிந்த பாகனையே கொன்றுவிடும். நாயோ, தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் அவனைக் கண்டு வாலைக் குழைக்கும்.

இச்செய்யுளைக் கற்பிப்போர் பெரும்பாலும் நாயின் நன்றியைப் போற்றி, யானையின் நன்றிகேட்டைத் தூற்றி அமைந்துவிடுகின்றனர். புலவர் மனிதரின் நட்பைக் கூற வந்தாரே அன்றி விலங்கியல் கூற வந்தாரல்லர். எனினும், உலகம் கண்டறியாத செய்தியை உவமையாக்குதல் புலவர்க்கு இயல்பன்று. பாகனைக் கொன்ற யானையை அக்காலத்தார் கண்டிருந்தனர் என்பதில் ஐயமில்லை.

மலாக்கா நகரம் வீழ்ந்த 1511-ஆம் ஆண்டுப் போரிலும் இதற்குச் சான்று கிடைக்கிறது. சுல்தான் மகமூது யானைப்படையுடன் போர்த்துக்கீசியரை எதிர்த்தான். போர்த்துக்கீசியர் முன்வந்த யானையை ஈட்டியால் குத்தினர். வலி பொறாத அவ்யானை தன் பாகனையே துதிக்கையால் பற்றிக் கொன்றது. பின்பு திரும்பித் தன் படையையே கலைத்தது. வேல் பட்ட நாய் வால் குழைத்தது. வேல் பட்ட யானையோ பாகனைக் கொன்றது. நாலடியார் உவமையின் இரு கூறும் இவ்வாறு வரலாற்றில் நின்று பேசுகின்றன.

மெகசுதனிசு கூறும் சான்று

ஆயினும் இதற்கு மறுதலையான சான்றும் பழமையானதே. கி.மு. 300-ஐ ஒட்டிச் சந்திரகுப்த மௌரியன் அவைக்கு வந்த கிரேக்கத் தூதன் மெகசுதனிசு, இந்திய யானைகளைப் பற்றி விரிவாக எழுதினான். அவன் நூல் அழிந்துபோயிற்று. அதன் செய்திகளைச் சுட்ராபோ முதலிய பிற்கால ஆசிரியர்கள் எடுத்தாண்டுள்ளனர். போரில் வீழ்ந்த பாகனைத் தூக்கிக்கொண்டு களத்தினின்று வெளியேறிய யானைகளும், தம் முன்கால்களுக்கிடையே புகுந்த பாகனைக் காத்துப் போரிட்ட யானைகளும் உண்டென்று அவை கூறுகின்றன. அதனினும் வியப்பானது ஒன்று உண்டு. சினத்தால் தன்னை வளர்த்தவனையோ பயிற்றியவனையோ கொன்றுவிட்ட யானை, பின்பு அவனை எண்ணி ஏங்கி உணவை மறுக்கும்; சில வேளைகளில் பட்டினியால் உயிரையும் விடும் என்பதே அச்செய்தி.

கொல்வதும் அதுவே, கொன்றபின் ஏங்குவதும் அதுவே என்றால் இது கட்டுக்கதை போலத் தோன்றலாம். ஆனால் 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் திருச்செந்தூர்க் கோயில் யானை தெய்வானை, தன் பாகரையும் அவருடைய உறவினர் ஒருவரையும் தாக்கியதில் இருவரும் இறந்தனர். அதன் பின்னர் அவ்யானை உணவு கொள்ளாது சோர்ந்து நின்றதாகச் செய்தித்தாள்கள் எழுதின. தெய்வானை பெண்யானை, ஆகவே களிற்றின் மதத்தைக் காரணமாகக் காட்டி இந்நிகழ்ச்சியை ஒதுக்கிவிட இயலாது. நாலடியாரும் மெகசுதனிசும் கண்ட இரண்டு காட்சிகளும் ஒரே யானையிடத்து ஒரே நாளில் நிகழ்ந்தன என்றே கொள்ள வேண்டும்.

அன்பும் கொலையும் ஒரே உயிரில் எவ்வாறு அமைந்தன? இதனை விளக்க, நாய் எவ்வாறு நாயாயிற்று என்பதை முதலில் காண வேண்டும்.

ஓநாய் நாயான வரலாறு

நாய் ஓநாயின் வழித்தோன்றல் என்பது இன்று அறிவியலார் அனைவரும் ஒப்புக்கொண்ட முடிவு. குறைந்தது 15,000 ஆண்டுகளுக்கு முன்பே இப்பிரிவு நிகழ்ந்துவிட்டது. அவ்வளவு நீண்ட காலத்தில் மனிதரை அஞ்சாதவையும் அவர்மேல் பாயாதவையுமான விலங்குகளே மனிதர் அருகில் தங்கின. அவற்றின் குட்டிகளே பெருகின. தலைமுறைதோறும் இவ்வடிகட்டல் நடந்தது. இறுதியில் குருதியிலேயே மனிதனை நாடும் இயல்பு ஊறிய புதியதோர் உயிர் உண்டாயிற்று.

குருதியில் ஊறிய இயல்புக்கும் வளர்ப்பினால் வரும் பழக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காண அங்கேரி நாட்டுத் தலைநகர் புடாபெசுட்டு அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்தனர். கண் திறவாப் பருவத்திலேயே ஓநாய்க் குட்டிகளைத் தாயினின்று பிரித்துப் புட்டிப்பால் ஊட்டி, நாய்க்குட்டிகளைப் போலவே வளர்த்தனர். பின்பு திறக்க இயலாதபடி அடைத்த பெட்டியில் உணவை வைத்தனர். நாய் சிறிது முயன்று பார்த்தது. முடியாதபோது திரும்பி, அருகில் நின்ற மனிதனின் முகத்தை நோக்கியது. ஓநாயோ மனிதனைத் திரும்பியும் பாராது தானே போராடிக்கொண்டிருந்தது. இம்முடிவு 2003-இல் வெளியாயிற்று.

இதனால் ஓநாய்க்கு அன்பே இல்லை என்று கொள்ளலாகாது. ஆசுத்திரிய நாட்டு எர்ன்சுட்புருன் என்னும் ஊரில் உள்ள ஓநாய் ஆய்வு நிலையத்தில், கையால் வளர்க்கப்பட்ட ஓநாய்கள் தம்மை வளர்த்தோருடன் இணைந்து பணி செய்யக் கற்றுள்ளன. சுவீடன் நாட்டு அறிஞர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், கையால் வளர்ந்த ஓநாய்கள் அயலாரினும் தம்மை வளர்த்தோரிடமே மிகுந்த பற்றுக் காட்டின. ஆகவே ஓநாயின் அன்பு தன்னை வளர்த்த ஒருவர் இருவரோடு நிற்பது. நாயின் அன்போ மனித இனத்தையே நோக்கி எளிதில் விரிவது. முன்னது வளர்ப்பின் பயன். பின்னது பிறப்பின் பயன்.

உருசிய அறிஞர் பெலியாயெவ் 1959-இல் தொடங்கிய நரி ஆய்வும் இங்குக் கருதத்தக்கது. மென்மயிருக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்பட்ட நரிகளுள் மனிதனைக் கண்டு அஞ்சாதவற்றை மட்டும் தேர்ந்து இனம் பெருக்கினார். சில தலைமுறைகளிலேயே மனிதனைக் கண்டு வாலாட்டும் குட்டிகள் பிறந்தன. இனப்பெருக்கம் மனிதன் கையில் இருந்தால் விலங்கின் மனமும் மாறும் என்பது இதனால் விளங்கிற்று.

யானைக்கு அது நிகழாத காரணம்

யானையை மனிதன் பழக்கத் தொடங்கி ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு காலம் கழிந்தும் யானை, பசுவைப் போலவோ நாயைப் போலவோ வீட்டு விலங்கு ஆகவில்லை. காரணம் எளியது. யானையின் இனப்பெருக்கம் ஒருநாளும் மனிதன் கைக்கு முழுதும் வந்ததில்லை.

பிடி கருவுற்று ஈனுவதற்கு 20 முதல் 22 மாதங்கள் ஆகும். ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையே நான்கைந்து ஆண்டுகள் கழியும். பிறந்த கன்று சுமை தூக்கும் பருவம் எய்தப் பல ஆண்டுகள் வேண்டும். அத்தனை ஆண்டும் உழைப்பின்றி உணவளித்தல் எந்த அரசனுக்கும் கட்டுப்படியாகாத செலவு. ஆகவே காட்டைப் பிள்ளை வளர்க்க விட்டு, வளர்ந்தபின் பிடித்துக்கொள்வதே சிக்கனம் என்று பண்டையோர் கண்டனர். இருபது வயதுடைய யானையைப் பிடிக்க வேண்டும். கன்றையும், சூல்கொண்ட பிடியையும், பாலூட்டும் பிடியையும் பிடித்தல் கூடாது என்று அருத்தசாத்திரம் விதிக்கின்றது. காட்டு யானையைக் கொன்றவனுக்கு அது கொலைத்தண்டம் கூறுகிறது.

இங்கே ஓநாய்க்கும் யானைக்கும் உள்ள வேற்றுமை தெளிவாகும். ஓநாயைப் பழக்க விரும்புவோர் கண் திறவாக் குட்டியை எடுக்கின்றனர். சில வாரங்கள் தாழ்ந்தாலும் அது பழகுதல் அரிது. யானையோ காட்டில் தாயிடமும் கூட்டத்திடமும் கல்வி முழுதும் கற்று முடித்தபின் பிடிபடுகிறது, அப்போதும் பழகுகிறது. இவ்வளவு முதிர்ந்த பருவத்தில் புதிய மொழியையும் புதிய தலைவனையும் ஏற்றுக்கொள்ளும் விலங்கு வேறொன்று உண்டோ என்பது ஐயமே. ஆனால் பழகியபின்னும் காட்டில் கற்றதை அது மறப்பதில்லை.

முகாமில் பிறக்கும் கன்றுகளும் இந்நிலையை மாற்றவில்லை. தமிழ்நாட்டு வனத்துறை முகாம்களில் பிடிகளை இரவில் காலில் சங்கிலியுடன் காட்டில் மேய விடுவது நெடுநாள் வழக்கம். மண்ணில் சங்கிலி இழுபட்ட தடத்தைப் பார்த்துப் பாகன் விடியற்காலையில் தேடிச் செல்வான். அவ்விரவுகளில் காட்டுக் களிறுகளோடு கூடியே முகாம்ப் பிடிகள் பெரும்பாலும் கருவுற்றன. ஆதலின் முகாமில் பிறந்த கன்றுக்கும் தந்தை காடே. அதற்கும் முதலெழுத்திலிருந்தே கற்பிக்க வேண்டும்.

சங்கப் புலவர் கண்ட இரண்டு இயல்புகள்

இவ்வுண்மையை விலங்கியல் பெயரிட்டு வழங்காவிடினும் சங்கப் புலவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். புறநானூற்றில் ஒளவையார் அதியமானைப் பாடிய செய்யுள் ஒன்றில், ஊர்ச் சிறுவர் வெண்கொம்பைக் கழுவ நீர்த்துறையில் அமைதியாகக் கிடக்கும் பெருங்களிறு வருகிறது. அதே களிற்றின் மதம்பட்ட நிலையும் உடன் வருகிறது. முன்னது தமக்கு அதியமான் காட்டும் இனிமை. பின்னது பகைவர்க்கு அவன் காட்டும் இன்னாமை. இரண்டு யானைகள் அல்ல, ஒரே யானை என்பதே அவ்வுவமையின் உயிர்.

பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதனினும் ஒருபடி மேற்செல்கின்றார். பகைவர் சிறையில் வளர்ந்த கரிகாலனுக்குக் கூட்டினுள் வளரும் புலிக்குருளையை உவமை கூறுகின்றார். அடுத்து, தன்னைப் பிடிக்க வெட்டிய குழியில் வீழ்ந்து, அதன் கரையைக் கொம்பால் குத்தித் தூர்த்துத் தன் பிடியிடம் சென்று சேர்ந்த யானையை உவமை கூறுகின்றார். கூட்டில் வளர்ந்தும் புலி புலியே. குழியில் வீழ்ந்தும் யானை யானையே. பாண்டியன் சிறையினின்று தப்பிய யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடும்போதும் குழியை உடைத்த களிறே உவமையாகின்றது. சிறைப்பட்ட வேந்தர்க்குப் பசுவையோ காளையையோ ஒருவரும் உவமை கூறவில்லை. கட்டுண்டாலும் உள்ளம் கட்டுண்ணாத விலங்கு யானை என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை.

அரசனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் தமிழர் யானைக்கு அளித்தனர். கழுமலத்திலிருந்து சென்ற யானை கருவூரில் இருந்த கரிகாலனைக் கொணர்ந்தது எனப் பழமொழி நானூறு குறிக்கின்றது. மதுரையில் யானை மூர்த்தி நாயனாரை அரசராக ஏற்றிக்கொண்ட வரலாறு பெரியபுராணத்தில் உண்டு. கெடாவின் பழங்கதையாகிய மேரோங் மகாவங்சாவிலும் அரச யானை புதிய மன்னனைத் தேடிக் கொணர்கின்றது. கடலின் இரு கரையிலும் ஒரே நம்பிக்கை வழங்கியது. தனக்கென ஒரு மனம் உடைய உயிர் என்று கருதினால் அன்றி, அதன் கையில் அரசுரிமையை ஒப்படைக்க மக்கள் துணிவரோ?

பாகர் பேசிய மொழி

தனக்கென மனம் உடைய உயிரோடு உறவாட மொழி வேண்டும். முல்லைப்பாட்டில், பாசறை யானைகள் தம்முன் இட்ட உணவை உண்ணாது நிற்க, கல்வியறிவில்லா இளம்பாகர் அங்குசத்தால் குத்தி, வடமொழிச் சொற்களைப் பலகாற் சொல்லிக் கவளம் ஊட்டும் காட்சி உண்டு. மலைபடுகடாமோ, சினந்த யானையைத் தணித்துக் கட்டுத்தறியில் பிணிக்கும் பாகர் கலப்பு மொழி பயிற்றும் ஓசையை மலையின் ஓசைகளுள் ஒன்றாக எண்ணுகின்றது.

தமிழ் நிலத்து யானைக்குத் தமிழ்ப் பாகன் ஏன் அயல்மொழி பேசினான்? யானையைப் பயிற்றும் கலை நாடு விட்டு நாடு சென்ற கலை. அக்கலையுடன் அதன் கட்டளைச் சொற்களும் சென்றன. ஒருவனிடம் பழகிய யானை இன்னொருவன் கைக்கு மாறும்போது சொல் மாறினால் விபரீதம் விளையும். ஆகவே பழஞ்சொற்கள் மாறாது காக்கப்பட்டிருக்கலாம். மலாய் மொழியிலும் இதே நிலை. யானையைக் குறிக்கும் காஜா, பாகனைக் குறிக்கும் கெம்பாலா, அங்குசத்தைக் குறிக்கும் கூசா ஆகிய மூன்றும் வடசொல்லின் திரிபுகளே. காட்டு யானை மலாய் மண்ணின் யானைதான். அதனைப் பழக்கிய கலையின் சொற்கள் வங்கக் கடலைக் கடந்து வந்தவை.

கடாரத்து யானைகள்

கலை இங்கு வந்தது போலவே யானை இங்கிருந்து சென்றது. இராசேந்திர சோழன் 1025-இல் கடாரத்தை வென்றபோது, அதன் அரசனை அவன் யானைகளோடு கைப்பற்றினான் என்று அவனுடைய மெய்க்கீர்த்தி கூறுகின்றது. வென்ற பொருளுள் யானையை எடுத்துச் சொல்லும் அளவிற்கு அதற்கு மதிப்பு இருந்தது.

பின்னர் போர் செய்த வேலையை வாணிகம் செய்தது. பதினேழாம் நூற்றாண்டில் கெடா, பேராக், புக்கெட் முதலிய கரைகளிலிருந்து யானைகள் சோழமண்டலக் கரைக்குக் கப்பலேறின. அங்கிருந்து துணி வந்தது. இங்கிருந்து ஈயமும் யானையும் சென்றன. இவ்வாணிகத்தில் முன்னின்றவர்கள் சூலியர் எனப்பட்ட தமிழ் முசுலிம் வணிகர். அந்நூற்றாண்டில் வங்கக் கடலைச் சுற்றிவந்த ஆங்கில மாலுமி தாமசு பௌரியின் குறிப்புகளில் இச்சூலியரைப் பற்றிய செய்திகள் உள்ளன. இதே காலத்தில் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையிலிருந்தும் இலங்கை யானைகள் தென்னிந்தியாவிற்கு ஏற்றுமதியாயின.

1786-இல் பிரான்சிசு லைட் பினாங்குத் தீவில் கொடி நாட்டியபோது, எதிர்க்கரைக் கெடாவில் நெடுங்காலமாக வாணிகம் செய்துவந்த இச்சூலியரே தீவிற்கு வந்து குடியேறினர். அவர்களில் சிலர் கெடாவிலேயே பிறந்தவர்கள் என்றும், தொகை ஏறத்தாழ ஆயிரம் என்றும் 1794-இல் லைட் எழுதியுள்ளார். ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவும், 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், நாகூர் தர்காவும் அவ்வணிக மரபின் நினைவுச் சின்னங்களாக இன்றும் நிற்கின்றன. அத்தெருவில் நடப்போருள் எத்தனை பேர், அவ்வணிகரின் முன்னோர் யானையையும் கடல் கடத்தினர் என்பதை எண்ணுகின்றனர்?

காட்டிலிருந்து பிரித்து, கரையில் பழக்கி, அலைகடலில் பல நாள் மரக்கலத்தில் நிறுத்தி, அயல்நாட்டு அரசனிடம் ஒப்படைக்கும் வரையில் யானையை அமைதியாக வைத்திருந்தது எது? சங்கிலி மட்டும் அன்று. ஒரு யானை வெகுண்டால் கலமே கவிழும். அதன் அருகிலேயே உண்டு, உறங்கி, அதன் காதில் பழகிய சொற்களைச் சொன்ன மனிதனே அக்கலத்தைக் காத்தவன். வாணிகரின் பெயர்கள் சில ஏடுகளில் உள்ளன. அப்பாகர்களின் பெயரை எழுதி வைத்தார் இலர்.

மலாயாவில் மறைந்த கலை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேராக் நாட்டில் யானையே வண்டியும் சாலையும் ஆயிற்று. லாரூட் என்னும் பெயரே லோங் ஜாபரின் யானையால் வந்தது என்பது செவிவழிச் செய்தி. காட்டில் காணாமற்போன அவ்யானை திரும்பியபோது அதன் காலில் ஈய மணல் ஒட்டியிருந்ததாம். 1879-இல் பினாங்கு வழியாகப் பேராக் சென்ற இசபெல்லா பேர்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி, கோலகங்சாருக்கு யானைமீது காட்டுவழி சென்றதைத் தம் நூலில் நகைச்சுவையுடன் எழுதியுள்ளார். முதுகின் இருபுறமும் தொங்கிய கூடைகளில் அமர்ந்து சென்ற அப்பயணம் அவருக்கு இன்பமாக இல்லை.

1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை மலாயாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1894 செப்டம்பர் 17-ஆம் நாள், தெலுக் ஆன்சன் அருகே காட்டுக் களிறொன்று ஓடிவந்த இரயிலை எதிர்த்து மோதி உயிர்விட்டது. அதற்கு ஒரு நினைவுப் பலகையும் நாட்டப்பெற்றது. அந்த மோதலில் களிறு மட்டும் வீழவில்லை. இரும்புப் பாதையும் பின் வந்த தார்ச்சாலையும் பாகனின் தேவையை ஒழித்தன. தேவை ஒழிந்ததும் மகனுக்குத் தந்தை அக்கலையைக் கற்பிக்கவில்லை. ஓரிரு தலைமுறையில் கெம்பாலா என்ற சொல் கதைப் புத்தகத்தில் தங்கியது, தொழில் மறைந்தது.

இதனால் வந்த தீங்கு பின்னர்த் தெரிந்தது. காடுகள் தோட்டங்களாயின, யானைகள் செம்பனை இளங்குருத்தைத் தேடி வந்தன. அவற்றைக் கொல்லாது பிடித்து வேற்றுக் காட்டிற்கு மாற்றும் பொருட்டு 1974-இல் வனவிலங்குத் துறை தனிப்பிரிவு ஒன்றை அமைத்தது. காட்டு யானையை அழைத்துச் செல்லப் பழகிய யானை வேண்டும். யானையால் யானையைப் பிடித்தலைத் திருவள்ளுவர் வினைசெயல்வகையில் உவமையாக ஆண்டது ஆசிரியர் அறிந்ததே. ஆனால் ஒரு காலத்தில் இந்தியாவுக்கு யானையை ஏற்றுமதி செய்த இந்நாட்டில் அன்று பழகிய யானையும் இல்லை, பாகனும் இல்லை. இந்தியாவின் அசாம் மாநிலத்திலிருந்து பயின்ற யானைகளையும் பாகர்களையும் வரவழைக்க வேண்டியதாயிற்று. அத்துறையின் யானைக் காப்பகம் 1989-இல் பகாங் மாநிலத்துக் கோல கண்டாவில் அமைந்தது.

ஊட்டிய கையை அறியும் உயிர்

இக்கலை அறுபடாது நின்ற இடங்களுள் முதுமலைத் தெப்பக்காடு முகாமும் ஆனைமலைக் கோழிகமுத்தி முகாமும் சிறந்தவை. மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக இங்குப் பாகர்களாக உள்ளனர். கோழிகமுத்தி முகாமின் கலீம் என்னும் கும்கி 99 பணிகளில் ஈடுபட்டு, 2023 மார்ச்சு மாதத்தில் 60-ஆம் வயதில் ஓய்வு பெற்றது. வனத்துறையினர் அணிவகுத்து நின்று அதற்கு மரியாதை செய்தனர்.

அதே மாதத்தில் தெப்பக்காட்டுப் பொம்மனும் பெள்ளியும் உலகம் அறிந்த பெயர்களாயினர். மின்சாரம் தாக்கித் தாய் இறக்க, காயங்களுடன் 2017-இல் வந்த ரகு என்னும் கன்றை இவ்விணையர் பிள்ளைபோல் வளர்த்தனர். அதனைக் காட்டிய ஆவணப்படம் ஆசுகர் விருது பெற்றது. யானைக் குட்டிக்குக் கன்று என்னும் பெயரோடு குழவி என்னும் பெயரையும் தொல்காப்பியர் மரபியலில் அளித்தது இங்கு நினைவுக்கு வரும். நாயின் குட்டிக்கு அவர் தரும் பெயரோ புலிக்கும் உரிய குருளை என்பது.

ஆனால் அக்கதையின் மற்றொரு பகுதியையும் மறத்தலாகாது. ரகு வளர்ந்தபின் அவனை வேறொரு பாகரிடம் ஒப்படைத்தனர். வளர்த்தோர் வருந்தினர். யானை ஒரு மனிதனிடம் பழகுகிறதே அன்றி மனித இனத்திடம் பழகுவதில்லை. புதிய பாகன் மீண்டும் தொடக்கத்திலிருந்து அதன் நம்பிக்கையை ஈட்ட வேண்டும். கரோல் என்னும் மரக்கூண்டில் அடைத்து, வலியையும் பசியையும் காட்டி ஈட்டிய பணிவு ஒரு வகை. கவளத்தையும் பொறுமையையும் கொண்டு ஈட்டிய நம்பிக்கை மற்றொரு வகை. இரண்டிலும் யானை கட்டளைக்கு அடிபணியும். பாகன் தவறும் நாளில்தான் இரண்டிற்கும் உள்ள வேற்றுமை வெளிப்படும்.

முடிவுரை

இப்போது கரும்பலகைக்குத் திரும்பலாம். யானை வீட்டு விலங்கு அன்று. அது பழக்கப்பட்ட காட்டு விலங்கு. மூன்றாம் கட்டம் ஒன்று வரைந்து அதில் யானையை எழுதுவதே உண்மைக்குப் பொருந்தும். கையால் வளர்ந்த ஓநாயும் அக்கட்டத்தில்தான் இடம்பெறும்.

நாலடியாரின் காட்சி பிழையன்று. ஆயினும் நாயின் நன்றி பல்லாயிரம் தலைமுறை அதன் குருதியில் சேர்த்துவைத்த முதுசொம். யானையின் அன்போ ஒவ்வொரு யானையும் ஒவ்வொரு பாகனும் தம் வாழ்நாளில் உழைத்துத் தேடிய பொருள். முதுசொம் எளிதில் அழியாது. தேடிய பொருளை ஒரு நாட் கொடுமையும் அழித்துவிடும். இதனை உணர்ந்தால் பாகனைக் கொன்ற யானையை நன்றி கெட்டது என்று சொல்ல நா எழாது. பல்லாண்டு பாகனைக் கொல்லாது சுமந்த யானைகளின் பொறுமையே வியப்பாகத் தோன்றும்.

மலாயாவில் பாகர் கலை ஓரிரு தலைமுறையில் மறைந்தது போலவே, கற்பிக்கப்படாத எதுவும் மறையும். மனிதரின் கல்வியும் நாயின் நன்றியைப் போலப் பிறப்பில் வருவதன்று. யானையின் பழக்கத்தைப் போல ஒவ்வொருவர்க்கும் முதலிலிருந்து கற்பிக்கப்பட வேண்டியது. அங்குசத்தை நம்புவதா, கவளத்தை நம்புவதா என்னும் வினா பாகனுக்கு மட்டும் உரியதன்று.